மூன்றாவது கை

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மொழிக் கழகத்தினர் கேட்டபோது, "நான் இயந்திரப் பொறியியல் மாணவி, எனக்கு இலக்கியமெல்லாம் எழுத வராது" என்று நழுவப் பார்த்தேன். "அப்படியானால் உன் இறுதியாண்டு ஆய்வைப் பற்றியே எழுது" என்று பிடித்துக்கொண்டார்கள். என் ஆய்வு ஒரு குழாயின் வாயைப் பற்றியது. ஓராண்டு முழுவதும் ஒரு குழாயின் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று வீட்டில் அம்மாவே கேட்டிருக்கிறார். அவருக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அடுத்த முறை விமான நிலையத்தில் காத்திருக்கும்போது கண்ணாடி வழியே கீழே பாருங்கள். வந்து நின்ற விமானத்தின் வயிற்றுப் பகுதியில் தடித்த மஞ்சள் குழாய் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை ஏரோபிரிட்ஜின் அடியில் உள்ள குளிரூட்டும் இயந்திரத்தோடு இணைந்திருக்கும். அப்பா அதை 'யானைத் தும்பிக்கை' என்பார். அவர் இருபது ஆண்டுகளாக ரேம்ப்பில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், வேலை செய்பவர். அந்தத் தும்பிக்கையைத் தூக்கி விமானத்தின் வயிற்றில் மாட்டுவதும் கழற்றுவதும் அவருடைய பல வேலைகளுள் ஒன்று. எந்த விமான நிலையம், எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை.

முதலில் அந்தக் குழாய் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். விமானம் தரையில் நின்று எஞ்சின்களை அணைத்த பிறகும் உள்ளே விளக்கு எரிய வேண்டும், குளிர்காற்று வர வேண்டும். இதற்காகவே பெரும்பாலான பயணிகள் விமானங்களின் வால் முனையில் ஏ.பி.யூ. எனப்படும் சிறிய எஞ்சின் ஒன்று இருக்கிறது. சிறியது என்றாலும் அதுவும் எரிபொருளைக் குடிக்கும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 அளவிலான விமானத்தில் அது ஒரு மணி நேரம் ஓடினால் 100 கிலோவுக்கும் மேல் எரிபொருள் போய்விடும். சத்தமும் புகையும் தனி. அதற்குப் பதிலாகத் தரையிலிருந்து ஒரு கம்பி வழியே மின்சாரத்தையும் இந்த மஞ்சள் குழாய் வழியே குளிர்காற்றையும் கொடுத்துவிட்டால் ஏ.பி.யூ.வை அணைத்துவிடலாம். விமான நிலையங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து இந்த வசதிகளைக் கட்டுவது இதற்காகத்தான்.

ஆனால் அத்தனை கோடியும் கடைசியில் ஒரு மனிதனின் இரண்டு கைகளை நம்பித்தான் இருக்கிறது. குழாயின் வாய் சட்டென்று மாட்டிக்கொண்டால் ஏ.பி.யூ. அணையும். முரண்டு பிடித்தால், நாற்பது நிமிடத்தில் விமானம் மறுபடியும் கிளம்ப வேண்டிய அவசரத்தில், "விடு, ஏ.பி.யூ. ஓடட்டும்" என்று போய்விடுவார்கள். இதை ஒரு பாடநூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தொழிற்பயிற்சியின்போது என் கண்ணால் பார்த்தேன்.

விமானத்தைச் சுற்றி மாட்டப்படும் குழாய்கள் பல. குளிர்காற்றுக்கு 8 அங்குலம், எஞ்சினைக் கிளப்ப உதவும் அழுத்தக் காற்றுக்கு 3 அங்குலம், எரிபொருளுக்கு இரண்டரை அங்குலம், கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய 4 அங்குலம், குடிநீருக்கு முக்கால் அங்குலம். இந்த அளவுகள் பெரும்பாலும் உலகம் முழுவதும் ஒன்றுதான். இலண்டனிலிருந்து வரும் விமானத்துக்கு இங்குள்ள தொழிலாளி யாரையும் கேட்காமல் குழாய் மாட்ட முடிவது இதனால்தான். கழிவறைக் குழாயின் வாயைக் குடிநீர்த் துளையில் வைத்துப் பார்த்தால் அது பொருந்தவே பொருந்தாது. தவறு நடக்க இடமே கொடுக்காத வடிவமைப்பு என்று இதைச் சொல்வேன்.

இந்த ஒற்றுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துத் தீ ஒரு சான்று. 1904 பிப்ரவரி 7ஆம் தேதி அங்கே பற்றிய தீயை அணைக்க வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. வந்து என்ன பயன்? அவர்களுடைய குழாய்களில் பலவற்றின் மறை பால்டிமோர் தண்ணீர்க் குழாய்களோடு பொருந்தவில்லை. தண்ணீர் இருந்தது, குழாய் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். நகரின் நடுப்பகுதியில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் தீயணைப்புக் குழாய்களுக்குப் பொது அளவு வகுக்கும் வேலை சூடுபிடித்தது.

நம் பல்கலைக்கழகக் கட்டடங்களின் மாடிப்படி ஓரத்திலும் சிவப்பு வண்ணத் தீயணைப்புக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் வாயில் திருகு மறையைத் தேடினால் கிடைக்காது. பக்கத்துக்கொன்றாக இரண்டு காதுகள் இருக்கும். தீயணைப்பு வீரர் குழாயை உள்ளே தள்ளினால் போதும், அதுவே கவ்விக்கொள்ளும். கழற்றக் காதுகளை இழுக்க வேண்டும். புகையில் கண் தெரியாத நேரத்தில் யாரால் மறையைத் திருகிக்கொண்டிருக்க முடியும்? அந்த வீரரின் நிலைமையை நினைத்துப் பார்த்து யாரோ செய்த வடிவம் அது. தினமும் அதைக் கடந்து போகிறோம். நானும் மூன்றாம் ஆண்டு வரை கவனித்ததில்லை.

இனி நம் தும்பிக்கைக்கு வருவோம். விமானத்தின் பக்கம் இருப்பது மிக எளிமையானது. வயிற்றில் கீழ்நோக்கிய 8 அங்குல வட்டத் துளை, அதைச் சுற்றி விளிம்பு வளையம், உள்ளே காற்று திரும்பி வராமல் தடுக்கும் ஒரு மடல். அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் நாம் எதையும் மாற்ற முடியாது. உலகத்தில் உள்ள விமானங்கள் எல்லாம் இந்த வளையத்தோடு பறக்கின்றன. செய்வதையெல்லாம் குழாயின் பக்கத்தில்தான் செய்ய வேண்டும். குழாயின் முனையில் ஓர் உலோக இணைப்பி, அதில் வளையத்தின் விளிம்பைக் கவ்வும் கொக்கிகள், காற்று கசியாமல் இருக்க ரப்பர்ப் பட்டை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. குழாயில் வரும் காற்றின் அழுத்தம் மிகக் குறைவு. 25 அங்குலத் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 63.5 சென்டிமீட்டர். 8 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 324 சதுர சென்டிமீட்டர். அந்த வட்டத்தின் மேல் 63.5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் இருபது லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஆக, காற்றைத் திறந்தவுடன் இணைப்பியை ஏறத்தாழ 20 கிலோ எடை கீழே தள்ளுகிறது. வீட்டுக்குச் சாயம் பூச வாங்கும் பெரிய வாளி ஒன்றை அதில் தொங்கவிட்டது போல. கொக்கிகள் எல்லாம் சரியாகக் கவ்வியிருந்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு கொக்கி மட்டும் கவ்வாமல் விட்டிருந்தால் இணைப்பி ஒரு பக்கமாகச் சாயும், மற்றவையும் வழுக்கும், தும்பிக்கை கழன்று விழும்.

அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. ஈராண்டுகளுக்கு முன் ஓர் இரவு, மழை. மாட்டிவிட்டேன் என்று நினைத்துக் கைகாட்டியிருக்கிறார். காற்று வந்ததும் இணைப்பி கழன்று அவருடைய வலது தோளில் விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் வலி. சாமி மேடையில் விளக்கேற்ற இப்போதும் இடது கைதான். "ஒழுங்காக மாட்டவில்லை" என்று அறிக்கையில் எழுதினார்கள். அப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் ஒப்பவில்லை. இருபது ஆண்டுகள் ஒரு வேலையைச் செய்தவருக்கு ஒழுங்காக மாட்டத் தெரியாதா?

தொழிற்பயிற்சிக்கு வேறோர் இடத்தில், விமானத் தரைக்கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில், எனக்கு இடம் கிடைத்தது. அங்கே பழுதாகி வந்த இணைப்பிகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் கிழிந்து வந்தவையும் உண்டு. ஆனால் நான் பார்த்தவற்றில் கொக்கி வளைந்தவைதான் அதிகம். காரணம் எளிது. கழற்றியதும் இணைப்பி கான்கிரீட் தரையில் விழுகிறது, பிறகு தரையோடு இழுத்துச் செல்லப்படுகிறது. வளைந்த கொக்கி அடுத்த முறை பாதிதான் கவ்வும்.

பட்டறையில் இருந்த அண்ணன் ஒருவர் என்னை ரேம்ப்புக்கு அழைத்துப்போய், "நீயே ஒரு தடவை மாட்டிப் பாரும்மா" என்றார். மாட்டினேன். போயிங் 737இன் வயிறு தாழ்வானது, குனிந்துகொண்டே தூக்க வேண்டும். போயிங் 777இல் நேர்மாறு, கையைத் தலைக்கு மேல் நீட்ட வேண்டும். அதில் இரண்டு குழாய்கள் வேறு. ஏ380 என்றால் நான்கு. குழாய்க்குள் ஓடுவது உறைநிலையை ஒட்டிய குளிர்காற்று. நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் குழாயெல்லாம் வியர்த்துச் சொட்டும். கையுறை நனைந்து வழுக்கும். ஒரு கை இணைப்பியின் எடையைத் தாங்குகிறது, இன்னொரு கை கொக்கியை இழுக்கிறது. முதல் கொக்கி மாட்டும்போது எதிர்ப்பக்கம் இறங்கிவிடுகிறது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். எனக்கு இருந்தது இரண்டு.

அன்றைக்குத்தான் பிரச்சினை என்ன என்று எனக்குப் புரிந்தது. அந்த இணைப்பி பலமானதுதான், கசியாததும்கூட. அதை வரைந்தவர் அது மாட்டப்பட்ட பின் எப்படி இருக்க வேண்டும் என்பதை நன்றாகச் சிந்தித்திருக்கிறார். மாட்டப்படும் அந்த பத்து விநாடிகளைப் பற்றிச் சிந்திக்கவில்லை. அவருடைய வரைபடத்தில் மூன்றாவது கை ஒன்று ஒளிந்திருக்கிறது.

எல்லா இணைப்பிகளும் இப்படிப்பட்டவை என்று சொல்ல மாட்டேன். ஒற்றைக் கைப்பிடியால் எல்லாக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் இறுக்கும் வகைகளும், தரையில் உருள அடியில் சிறு சக்கரம் வைத்த வகைகளும் சந்தையில் இருக்கின்றன. நல்ல முயற்சிகள். ஆனால் அவற்றிலும் கைப்பிடியை இழுத்து முடிக்கும்வரை எடை முழுவதும் ஆளின் தோளில்தான் இருக்கிறது.

என் யோசனை இதுதான்: தாங்குவதையும் மூடுவதையும் பிரித்துவிட வேண்டும். கதவு மாட்டுபவரைப் பாருங்கள். கதவை முதலில் கீலில் உட்கார வைக்கிறார். கீல் எடையை வாங்கிக்கொள்கிறது. பிறகு ஒற்றைக் கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார். இணைப்பியிலும் ஒரு பக்கத்தில் அசையாத அகலமான கொக்கி ஒன்றை வைத்தேன். இணைப்பியைச் சாய்த்து அந்தக் கொக்கியை வளையத்தின் விளிம்பில் முதலில் தொங்கவிட வேண்டும். பாதி எடை அங்கேயே போய்விடும். பிறகு மறுபக்கத்தை மேலே தள்ளினால் வில்லோடு கூடிய தாழ்ப்பாள் தானாகவே விழும். ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வேட்டில் இந்த இரண்டு பாகங்களுக்கும் நீளமான பெயர்கள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய், இங்கே ஆங்கிலம் என்று வந்தவள் நான். ஆனாலும் கீல், தாழ்ப்பாள் என்ற இரண்டு சொற்களில்தான் இந்த யோசனை எனக்குள் முதலில் தோன்றியது. வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் தமிழிலேயே எழுதி வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் அது என்னவென்று கேட்டார்.

காகிதத்தில் அழகாக இருந்தது. செய்து பார்த்தபோது ரப்பர்ப் பட்டை அடம்பிடித்தது. சாய்த்து மாட்டுவதால் கொக்கிப் பக்கத்தில் பட்டை முன்கூட்டியே நசுங்கி, மூடும்போது சுருண்டு, அங்கேயே காற்று கசிந்தது. தட்டையான பட்டைக்கு இது சரிவராது. நசுக்கினால்தான் அது அடைக்கும், எல்லாப் பக்கமும் சமமாக நசுக்க வேண்டும். ஆகவே மெல்லிய உதடு போன்ற பட்டைக்கு மாறினேன். அந்த உதடு உட்பக்கம் மடிந்திருக்கும். காற்று வந்ததும் காற்றே அதை வளையத்தின் மேல் அழுத்தும். அழுத்தம் கூடக் கூட இன்னும் நன்றாக ஒட்டும். கையின் பலத்தை இறுக்குவதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தாழ்ப்பாளையும் சிறியதாக்க முடிந்தது. இதற்கே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அடுத்த கேள்வி: சரியாக மாட்டிவிட்டது என்று ஆளுக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டுக் கேஸ் தோம்பை நினைத்துக்கொண்டேன். அதன் தலையில் ரெகுலேட்டரை வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். நானும் தாழ்ப்பாள் 'டக்' என்று விழும்படி வில்லை அமைத்து, முப்பரிமாண அச்சில் வார்த்த முதல் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். விமான வளையத்துக்குப் பதிலாக அதே அளவில் செய்த ஒரு வளையத்தை வீட்டு வாசலில் கார் நிறுத்துமிடத்துக் கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

அப்பா சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். "காதில் என்ன மாட்டியிருப்போம் என்று தெரியுமா?" ரேம்ப்பில் எல்லாரும் காதுக்காப்பு அணிந்திருப்பார்கள். பக்கத்துத் தரிப்பிடத்தில் எஞ்சின் ஓடும். 'டக்' எங்கே கேட்கும்?

சரி, நிறம் வைக்கலாம் என்றேன். தாழ்ப்பாள் முழுதாக விழாவிட்டால் சிவப்புப் பட்டை தெரியும், விழுந்தால் மறைந்துவிடும். அதற்கும் தலையை ஆட்டினார். விளக்குகள் எல்லாம் மேலே கம்பத்தில் இருக்கின்றன, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் அதன் நிழல்தான், இரவு மூன்று மணிக்கு அங்கே சிவப்பும் ஒன்று கறுப்பும் ஒன்று என்றார். பிறகு தம் வேலைக் கையுறையை எடுத்துவந்து, வாசல் குழாயில் நனைத்து, மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாளின் கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தார். விரல் உள்ளேயே போகவில்லை. என் விரலை அளவு வைத்து வரைந்திருந்தேன். கையுறை போட்ட அப்பாவின் விரலை அளக்கவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மூன்றாவது கையை வரைந்தவரைக் குறை சொன்னேனே, நானும் இல்லாத ஒரு கையைத்தானே வரைந்திருக்கிறேன்.

"காதுமில்லை, கண்ணுமில்லை என்றால் வேறு எப்படி அப்பா தெரிந்துகொள்வது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இணைப்பியின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். ரேம்ப்பில் எப்போதும் அப்படித்தான் செய்வாராம். ஒவ்வொரு கொக்கியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கைகாட்டுவது வழக்கம். விபத்து நடந்த இரவு மழை, அவசரம், தடவவில்லை.

இரண்டாவது மாதிரியில் தாழ்ப்பாளின் பக்கத்தில் ஒரு சிறு குமிழ் இருக்கிறது. தாழ்ப்பாள் முழுதாக விழுந்தால் மட்டும் அது வெளியே எழும்பும். கைப்பிடியைத் தள்ளும் அதே கையின் கட்டைவிரல் எங்கே போய் நிற்குமோ அங்கேயே வைத்திருக்கிறேன். தனியாகத் தேடித் தடவ வேண்டியதில்லை. கையுறை தடிப்பாக இருந்தாலும் உணரும் அளவுக்கு உயரம். கைப்பிடியின் இடைவெளியை அப்பாவின் கையுறையை வைத்து அளந்து அகலப்படுத்தினேன். இணைப்பியைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் வளையமும் போட்டேன். கான்கிரீட்டில் விழுந்தால் முதலில் படுவது கொக்கியாக இருக்கக் கூடாது என்பதற்காக.

இந்த மாதிரியை எந்த விமானத்திலும் மாட்டவில்லை. மாட்டவும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மாணவி ஒருத்தி செய்த பொருளை விமானத்தின் அருகில் கொண்டுபோவதற்கே பல சோதனைகளும் ஒப்புதல்களும் வேண்டும். மேற்பார்வையாளர் கேட்ட கடைசிக் கேள்வி அதையொட்டித்தான். குழாயைக் கழற்ற மறந்து விமானத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? என் கொக்கி பலமாக இருந்தால் விமானத்தின் வளையம் பிய்ந்துவிடும். குழாயை மாற்றிக்கொள்ளலாம், விமானத்தைப் பழுதுபார்க்கப் பயணத்தையே நிறுத்த வேண்டும். ஆகவே உடைய வேண்டியது என் பக்கம்தான். அதுவும் சரியான நேரத்தில் உடைய வேண்டும். காற்று தள்ளும் 20 கிலோவுக்கும், குழாயின் எடைக்கும், மழைக்காற்று இழுக்கும் இழுப்புக்கும் உடையாமல் நின்று, விமானம் இழுத்தால் மட்டும் உடையும் ஓர் ஊசியை அசையாக் கொக்கியின் அடியில் வைக்க வேண்டும். இந்த வாரம் மூன்று தடிப்புகளில் அந்த ஊசியைக் கடைந்து வைத்திருக்கிறேன். பட்டறை இழுவைச் சோதனை இயந்திரத்துக்கு என் முறை அடுத்த வியாழக்கிழமை.

மாதிரி இப்போது வாசலில்தான் தொங்குகிறது. போன வாரம் வேலை முடிந்து வந்த அப்பா, சீருடையைக்கூட மாற்றாமல், இடது கையாலேயே அதைத் தூக்கிக் கொக்கியில் தொங்கவிட்டு, மறுபக்கத்தைத் தள்ளி, கட்டைவிரலால் குமிழை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கழற்றினார். மறுபடியும் மாட்டினார். "கைப்பிடி இன்னும் ஒரு விரல் நீளம் இருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.